படங்கில் காய்ந்த கோதுகள்

தோட்டா நிரப்புகிற தொழிலில் பேர் வாங்க வழியே கிடையாது: வெடித்தால் சுட்டவர் கெட்டிக்காரர், வெடிக்காவிட்டால் நிரப்பினவன் மடையன். தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருப்பவர்கள், கல்யாண வீட்டு அடுப்படியில் நிற்பவர்கள், மேடைக்குப் பின்னால் மைக் செட் பார்ப்பவர்கள், நீங்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு விளக்கவே தேவையில்லை.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைப் பக்கம் போகிற வழியில், ஒரு பழைய மிளகுத் தோட்டத்துக்குள் எங்கள் கிளப்பின் சுடுதளம் இருக்கிறது. நின்ற இடத்தில் நின்று வட்டத்தைக் குறி பார்க்கிற விளையாட்டு அல்ல இது. டைமர் சத்தம் கேட்டதும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடி, தடுப்புகளுக்குப் பின்னால் நின்று, அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். குறியும் நேரமும் சேர்ந்துதான் புள்ளி. தோட்டா தண்ணீராய்ச் செலவாகும். அதனால் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைக் கழுவிக் காயவைத்து, அடியில் நெருப்பு மூட்டுகிற புது கேப் போட்டு, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டை இறுக்கி மறுபடியும் தோட்டாவாக்குகிறோம்.

கிளப்புக்கு அதற்கான அனுமதி உண்டு. மருந்து அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது பண்டார மாத்தயாவிடம். அவர் ஆமியில் இருந்து ஓய்வு பெற்றவர், சுடுதளத்துக்குப் பொறுப்பு. நான் அடிலெய்டில் இதே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அங்கே ஆட்கள் தோட்டாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே உட்கார்ந்து அதைப்பற்றிப் பேசுவார்கள். வந்த புதிதில் அது தொந்தரவாக இருந்தது. இப்போது யாரும் பேசாவிட்டால்தான் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது.

பச்சை மையும் சிவப்பு மையும்

பித்தளைக் கோது இங்கே செய்யப்படுவதில்லை. வருவதும் எப்போதாவதுதான். ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் கோதின் அடியில் ஒரு நிற மை பூசி வைப்பார்கள். பச்சை என்றால் ரிஸ்வி நாநா. உக்குவெலையில் பெரிய ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். சிவப்பு என்றால் நிரோஷா டீச்சர். ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ரத்தோட்டையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் படிப்பிக்கிறவர். கிளப்பில் அவரளவுக்கு வேகமாக உருவுகிற கை வேறு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் போட்டியில் டீச்சர்தான் முதலாவது. பிரதம விருந்தினர் கப்பைக் கையில் எடுத்துவிட்டார், எல்லாரும் கைதட்டுகிறார்கள், மேடைக்குப் பக்கத்துப் புதருக்குள் மட்டும் ஏதோ அசைகிறது. நாநா முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தார். கார் சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று விருந்தினர் கப்பைப் பிடித்தபடியே விசாரித்தார். நாநா தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"நீங்க கப்பை டீச்சருக்குக் குடுங்க சேர், என்ட கோது ரெண்டு இன்னும் கெடைக்கல்ல."

மெத்தென்ற தோட்டா

பெரிய போட்டிகளில் நம் பையிலிருந்து சில தோட்டாக்களை எடுத்து வேகமானிக்கு மேலாகச் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டின் எடையும் வேகமும் சேர்ந்து ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் நாள் முழுக்கச் சுடலாம், புள்ளி மட்டும் கிடையாது. அளவுக்கு மேலே போகப் போகக் கையில் உதை கூடும். எனவே புத்திசாலிகள் அந்த அளவுக் கோட்டை ஒட்டினாற்போல் மெத்தென்று கேட்பார்கள். நாநா மட்டும் விதிவிலக்கு. சுட்டால் தோள்பட்டை வரைக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முந்தின வருடம், தேசிய அணித் தேர்வுக்கு டீச்சர் அப்படி மெத்தென்ற தோட்டாவோடுதான் போனார். போட்டி நுவரெலியாப் பக்கம், காலையில் பனி. குளிரில் மருந்து சோம்பும். வேகம் மயிரிழையில் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. பெண்களில் மூன்று பேர் அணிக்குப் போவார்கள். டீச்சர் சுட்டதற்கு அதில் ஓரிடம் நிச்சயம். ஆனால் பலகையில் அவர் பெயருக்கு நேரே பூச்சியம். இந்த வருடத் தேர்வில் வருகிற அணி வெளிநாட்டுக்குப் போகிறது, அந்த மாதிரிப் பயணம் சில வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும். என்னிடம் முதல்முதலாகத் தோட்டா கேட்டு வந்தபோது டீச்சர் இதையெல்லாம் நின்றுகொண்டே சொல்லி முடித்தார்.

"கை நொந்தா நான் பாத்துக்கறேங்கண்ணே, பூச்சியத்தை வாங்கிட்டுப் போய் வீட்டில விளக்கம் சொல்ல மட்டும் இன்னொரு தரம் ஏலாது."

தளர்ந்த உறை

இடுப்பு உறைகளும் நான்தான் செய்கிறேன். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பிஸ்டல்மேல் அழுத்தி, அச்சுப் பிடிக்க வேண்டும். சரியாக வந்தால் பிஸ்டல் உள்ளே போகும்போது 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன் என்று சில நாள் தோன்றும். நாநாவுக்கோ அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. இறுக்கம் இருப்பதால்தான் தனக்கு உருவ நேரமாகிறது என்று வாதாடினார். நான் மறுத்தேன். அவர் ஹார்ட்வெயார்க்காரர், திருகாணியை அவரே தளர்த்திக்கொண்டார்.

அடுத்த ஓட்டத்தில் நாநா புறப்பட்டார், பிஸ்டல் அவருக்கு முன்னாலேயே போய்த் தரையில் கிடந்தது. பிஸ்டல் விழுந்தால் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது, அதில் பேச்சுக்கு இடமில்லை. பண்டார மாத்தயா வாசலைக் காட்டினார். நாநா பையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்.

"நீங்க ஒன்டும் யோசிக்காதீங்க, உறையில பிழ இல்ல, நான் ஓடினதுதான் பிழ."

'பிஸ்'

இந்த வருடத் தேர்வுக்கு முந்தின நாள் டீச்சர் சும்மா கை பழக்க வந்தார். போட்டிக்கென்று நான் நிரப்பிக் கொடுத்த பெட்டியிலிருந்துதான் சுட்டார். நாலைந்து நன்றாகவே போயின. பிறகு 'டப்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பிஸ்' என்று கேட்டது, சைக்கிள் டியூபில் காற்று போகிற மாதிரி. பிஸ்டல் மக்கர் பண்ணினால் யோசிக்காமல் தட்டி, இழுத்து, திரும்பச் சுட வேண்டும் என்றுதான் இவர்கள் பழகுகிறார்கள். டீச்சரின் இடது கை ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது. பின்னால் நின்ற பண்டார மாத்தயா 'ஸ்டொப்' என்றார். அந்தக் குரலுக்கு ஒரு படையே நின்றிருக்கும், டீச்சரும் நின்றுவிட்டார்.

பிஸ்டலின் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மறுபக்கம் தெரியவில்லை. குண்டு நடுவில் சிக்கியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று போயிருந்தால் குழாய் பிளந்திருக்கும், அதைச் சுற்றி இருந்தவை டீச்சருடைய விரல்கள். அவர் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து வலது கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோதை எடுத்துத் தட்டினேன். எரியாத மருந்து கட்டியாக விழுந்தது. அடித் துளையில் கறுப்பாக என்னவோ அப்பியிருந்தது. கேப்பின் நெருப்பு மருந்துக்குப் போகிற வழி அதுதான். ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தேன். ரசம் வைக்கிற வீட்டு வாசனை. பண்டார மாத்தயாவிடம் நீட்டினேன், அவரும் மோந்தார்.

"ஆமியில எல்லாக் கூத்தும் பாத்தாச்சு, மிளகு போட்டு வெடி செய்றது இப்பதான் பாக்கிறது."

மேரி அக்காவின் சல்லடை

சுடுதளத்துக்குப் பின்னால் சீமெந்துக் களம் ஒன்று இருக்கிறது. தோட்டத்து மிளகு அங்கேதான் காயும். அதைப் பார்த்துக்கொள்வது வஹகோட்டையிலிருந்து வருகிற மேரி அக்கா. கழுவின கோதுகளும் அதே களத்தில், தனிப் படங்கில், விரித்த தார்ப்பாயில், காயும். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பிற்பகல் திடீரென்று மழை அடித்தபோது களத்தில் மேரி அக்கா மட்டும்தான். மிளகு நனைந்தால் பூஞ்சணம், அன்றைக்குக் காய்ந்த டீச்சரின் கோது நனைந்தால் அவருக்குக் கஷ்டம். இரண்டு படங்குகளையும் ஒன்றாகச் சுருட்டி இழுத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் கலந்து கிடந்தன. பொறுமையாகச் சல்லடையில் போட்டுச் சலித்தார். மிளகு கீழே விழுந்தது, சிவப்பு மைக் கோதுகள் மேலே நின்றன. மறுநாள் காயவைத்து என் மேசையில் வைத்தார். எதுவும் தொலையாததால் எதுவும் சொல்லவில்லை.

ஒரு கோதின் வாய்க்குள் ஒரு மிளகு வெகு சௌகரியமாகப் போகும். ஈரமிருந்தால் ஒட்டிக்கொண்டு, சல்லடையை ஏமாற்றிவிடும். பழைய கேப்பைத் தள்ளுகிற என் மெஷினின் ஊசி அதை நசுக்கி அடித் துளையில் பூசிவிட்டது. நான் ஒவ்வொரு கோதையும் விளக்கில் பிடித்து மருந்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவன்தான். மருந்துக்கு அடியில் என்ன என்று எந்த விளக்கும் காட்டாது. கேட்டதும் மேரி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த மழைக்கு நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"எண்ணித்தாங்க குடுத்தேன், கோது ஒன்னுகூட கொறையல. மிளகை யாருங்க எண்ணுவாங்க?"

இரண்டு சாவி

ஆக, டீச்சரின் பெட்டி முழுக்கச் சந்தேகம். எடை போட்டுப் பார்த்தால் மிளகு இருக்கிறது தெரியாதா என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான். தராசில் சிலவற்றை வைத்துக் காட்டினேன். ஒரு கம்பனிக் கோதுக்கும் இன்னொரு கம்பனிக் கோதுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மிளகைவிட அதிகம். எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப நிரப்பக் கேப் இல்லை. அலுமாரியில் இருந்த கடைசிக் கேப்புகளைத்தான் இந்தப் பெட்டியில் போட்டிருந்தேன். அடுத்தது அனுமதி வந்த பிறகு. கடைத் தோட்டாவும் கையிருப்பில் இல்லை.

மிச்சமெல்லாம் நல்லதாகவே இருக்கலாம் என்றார் டீச்சர், எங்களைப் பார்க்காமல். இருக்கலாம்தான். பண்டார மாத்தயா பெட்டியை எடுத்து அலுமாரியில் வைத்து, தன் பூட்டைப் பூட்டிவிட்டு, ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நானும் பூட்டினேன். டீச்சர் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

இவ்வளவு நேரமும் நாநா மூலையில் நின்று, இப்போது ஒழுங்காக இறுக்கிய தன் உறையில் பிஸ்டலைப் போட்டு 'கிளிக்' கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் போட்டிக்கு அவரும் பேர் கொடுத்திருந்தார். அவர் கோதுகளை எவர் படங்கையும் நம்பிக் கொடுப்பதில்லை. காரின் பின்கண்ணாடிக்குக் கீழே பேப்பர் விரித்துத்தான் காயவைப்பார். தன் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பச்சை மை, அதுவும் நான் நிரப்பினது. சிக்கின குண்டைத் தட்டி எடுத்துவிட்டு, டீச்சரின் குழாயில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் இறங்கின. அப்படியானால் நாளைக்கு நீங்கள் என்று டீச்சர் இழுத்தார்.

"நான் போனா கடைசிக்கு முந்தின எடம் வருவன், அதுக்கு இங்கேயே இரிக்கலாம்."

காலருக்குள் ஒன்று

தேர்வு தம்புள்ளைப் பக்கம், நல்ல வெயில். வேகமானியில் நாநாவின் தோட்டா கோட்டைத் தாண்டி எங்கேயோ போனது. அளக்கிறவர் திரும்ப ஒரு தரம் சுட்டுப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. முதல் கட்டத்தில் அந்த உதைக்குக் கை பழகாமல் இரண்டு அட்டைகளைத் தவறவிட்டார். அதன்பிறகு வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு தரமும் குறி திரும்பி வரும்வரை காத்திருந்து சுட்டார். நான்தான் ஒவ்வொரு 'டப்'புக்கும் இடையில் 'பிஸ்' வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பின்னேரம் பலகையில் பெயர் எழுதினார்கள். பெண்களில் டீச்சர் மூன்றாவது, மூன்றாவது வரைக்கும் அணி. அவர் கையைப் பார்த்தேன், கட்டைவிரலடி சிவந்து வீங்கியிருந்தது.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய போட்டிகளில் நேரம் போகும் என்பதால் கோது பொறுக்க விட மாட்டார்கள். விழுந்ததெல்லாம் அவர்களுக்கு. ஆனால் சுட்ட சூட்டில் துள்ளிய ஒரு கோது டீச்சரின் காலருக்குள் விழுந்து, கழுத்தில் ஒரு தடிப்பை வைத்துவிட்டு, சட்டைக்குள்ளேயே தங்கியிருந்தது. திரும்பி வரும்போது உக்குவெலையில் இறங்கி, கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த நாநாவின் கையில் அதை வைத்து, அணியில் சேர்ந்துவிட்டதைச் சொன்னார். நாநா அல்ஹம்துலில்லாஹ் என்றார், மனசாரத்தான். பிறகு கோதைத் திருப்பி அடியில் பச்சை மை இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஒன்டு வந்தீக்கி. மத்ததெல்லாம் எங்க, டீச்சர்?"

ஆகவே என் கட்சிக்காரர்களே, நம் கையால் ஒருவர் ஜெயித்துவிட்டார் என்று நாம் நிமிர்ந்து உட்காருகிற நேரத்தில்தான், மீதியைக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்.