சத்தத்தை முந்திய குண்டு

வேப்பனப்பள்ளிப் பக்கம் கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்றை எங்கள் ஓசூர் கம்பெனி புதுப் பீரங்கி ஒன்றின் சோதனைக்கென்று குத்தகை எடுத்தபோது, குழியோடு சேர்ந்து முனிலட்சுமியக்காவும் எங்களுக்குக் கிடைத்தார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, வெடி வைக்கும் முன் பாறைமேல் ஏறி "வெடியோய் வெடி" என்று கத்துவதுதான் அவர் வேலை. அந்தத் தொண்டைக்கு எல்லை தாண்டி ஆந்திராக்காரனும் ஒதுங்குவான் என்று கேலி செய்வோம். அவர் கத்திய நாளில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, இருக்கட்டுமே.

எங்கள் பீரங்கியில் மருந்து கிடையாது. கெபாசிட்டர்களில் சேர்த்த மின்சாரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு மெல்லிய கம்பியில் பாய்ச்சுவோம். கம்பி நெருப்பாவியாகி, கட்டைவிரல் அளவு குண்டைக் குழலிலிருந்து தள்ளும்.

"கரண்டு குண்டத் தள்ளுமா? யாருகிட்ட கத உடறீங்க?" என்றார் அக்கா.

முதல் சோதனையன்று அவர் கத்தி முடித்ததும், பக்கத்து மாந்தோப்புக்கார நாகம்மா ஆடுகளோடு பாறை மறைவில் ஒதுங்கினார். நான் சார்ஜ் ஏற்றும் சுவிட்சைப் போட்டேன். அப்போது மின்சாரத்தை இணைக்கும் பெரிய காண்டாக்டர் 'டம்' என்று அடிக்கும். அது சார்ஜ் ஏறத் தொடங்கியதற்கான சத்தம் மட்டுமே.

குவாரி ஊரில் வழக்கம் வேறு. கத்தல் கேட்டால் ஒதுங்கு, சத்தம் கேட்டால் வெளியே வா. வெடி போய்விட்டது என்று நாகம்மா நிதானமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார், குழலுக்கும் இலக்காக நிறுத்திய எஃகுத் தகட்டுக்கும் நடுவில். கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்த எங்களுக்கு எதுவும் தெரியாது.

மேட்டில் நின்ற அக்கா வாக்கி-டாக்கியில் தமிழும் கன்னடமுமாக அலறினார். "வேணா சார், பேடா, பேடா, ஆளு!"

எங்கள் குழுத் தலைவர், பெங்களூர்க்காரர் பாலாஜி சாரின் கை சுடும் பொத்தானை விட்டு விலகியது. சார்ஜை எர்த்தில் இறக்கினோம்.

"வெடிதான் போயிடுச்சே, என்னாத்துக்கு இப்பிடிக் கத்தற?" என்று நாகம்மா சண்டைக்கு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இந்த முறை சார் என்னையும் அங்கே காவலுக்கு அனுப்பினார்.

மறுபடி சார்ஜ் ஏற்றிச் சுட்டார்கள். குழல் வாயில் வெள்ளையாக ஒரு மின்னல் வெட்டு. தூரத்துத் தகட்டில் பொறி சிதறியது. அதற்கப்புறம்தான் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கும்பிடத் தோன்றியது.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். விரல் தடிமன் எஃகில் வட்டமாக ஓட்டை. விளிம்பு இன்னும் சுட்டது.

நாகம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் பின்னாலதான வந்துச்சு, முனி?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்குக் கேட்டிருக்காது."

"கேட்டிருக்காதுக்கா."

நாகம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆடுகள் எங்கெங்கோ போயின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.