மேடை ஏறிய என் வளைகள்

எங்கள் மலையாளச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து கொஞ்ச நாளில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். திவான் இருந்த காலத்தில் பஞ்சம், கதர் என்று மேடையில் பேச நினைத்தே பார்த்திருக்க முடியாது. நடித்தவர்கள் அத்தனை பேரும் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்கள்.

கதை சின்னதுதான். யுத்தகாலப் பஞ்சத்தில் நெல்லைப் பதுக்கிக்கொண்டு, தம்பி குடும்பத்தைக்கூடப் பட்டினி போடுகிற ஓர் அண்ணன். ஆட்சி மாறியதும் மறுநாளே கதர்க்குல்லா மாட்டிக்கொள்கிறான். தம்பி மனைவிதான் நல்லவள். ஊர்க் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றவேண்டும் என்று தொண்டர் ஒருவர் தாம்பாளத்தோடு வரும்போது, கைவளைகளைக் கழற்றிப் போட்டுவிடுவாள்.

அந்த நல்லவள் என் கணவர். பெண்கள் மேடை ஏறுகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். தியாகம் செய்கிற பெண் வேஷம் என்றால் வருஷா வருஷம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கில்ட் வளை போட்டால் முன்னால் உட்காரும் மாமிகள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அதனால் என் வளைகளைக் கேட்டார். அம்மா போட்டனுப்பிய நகையில் நாத்தனார் கல்யாணத்துக்குப் போனது போக, எனக்கென்று மிஞ்சியது அந்த ஜோடிதான். எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனாலும் சோப்பு நுரை தடவி நானே அவர் கையில் ஏற்றிவிட்டேன்.

ஏறியது இறங்கவில்லை. தொண்டர் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் இழுக்கிறார், திருகுகிறார், வசனத்தை மறுபடி சொல்கிறார்.

"குடுக்க மனசில்லையாக்கும்!" என்று யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. பவுடர் வழிந்து, மணிக்கட்டு சிவந்து, இவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், மேடை ஓரத்துக் குத்துவிளக்கிலிருந்து எண்ணெயைத் தொட்டு அவர் கையில் தடவி வளைகளைக் கழற்றினேன். தொண்டர் தாம்பாளத்தைக் கீழே ஏந்தினார். நான் போட்டுவிட்டேன்.

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. தலைமை வகித்தவர் நாற்காலியைவிட்டு எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவர். யுத்தத்தின்போது அவர் அரிசி இல்லை, இல்லை என்று சொல்லக் கேட்டே நாங்கள் மரச்சீனிக் கிழங்கைத் தின்றோம். இப்போது உடம்பில் புதுக் கதர், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"கேட்டேளா, இது நாடகமில்லை! இந்த அம்மா நெசமாவே குடுத்திருக்கா. நாளைக்கே வித்துக் கஞ்சி ஊத்துவோம்!" என்றார். என் கணவர் புடவையும் சவுரியுமாகக் கைகூப்பி நின்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை இருவருக்கும்.

திரை விழுந்ததும் பின்பக்கம் போய், "என் வளையைக் குடுங்கோ" என்றேன்.

"எல்லாரும் பாத்துட்டாளே. எப்படித் திருப்பிக் கேக்கறது? மானம் போயிடும்" என்றார் என் கணவர்.

"தியாகம் பண்ணினது உங்க நாடகத்துப் பொம்மனாட்டி. வளை என்னோடது. நான் குடுக்கலை."

மண்டிக்காரர், "நல்ல காரியத்துக்கு இத்தனை யோசிக்கலாமா?" என்று ஆரம்பித்தார். கொடுமைக்கார அண்ணனாக நடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர், என் கணவரோடு ஒரே ஆபீஸ். ஒட்டு மீசையைக்கூட எடுக்காமல் குறுக்கே வந்தார்.

"மதி, மதி, போதும். இது மன்னியோட சாதனம், மன்னியோட சொத்து" என்று வளைகளை எடுத்துத் தன் மேல்துண்டில் எண்ணெயைத் துடைத்து என் கையில் வைத்தார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாளிலிருந்து தெருவில் எனக்குப் பேராசைக்காரி என்று பெயர். குளத்துப் படியில் நான் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தியும் அன்று தாம்பாளத்தில் மூக்குத்தியைக்கூடப் போடவில்லை. மண்டிக்காரர் ஊற்றுவதாகச் சொன்ன கஞ்சியும் வரவில்லை. இதெல்லாம் எனக்கு எரிச்சல்தான், வருத்தமில்லை. என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் தாங்கமுடியவில்லை. சாதம் போட்டால் சாப்பிடுவார், எழுந்து போவார்.

ஒரு நாள் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இத்தனை வருஷமா தியாகம் பண்றவளாவே வேஷம் கட்டறேன். என்னோடதுன்னு ஒண்ணைக்கூடக் கழட்டிக் குடுத்ததில்லையாக்கும். குடுத்ததெல்லாம் உன்னோடது, என் தங்கை கல்யாணத்துக்குப் போனதுகூட."

ரசம் விட வந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டேன். ஊரே பேசியபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.