அவிச்ச மா

கடைப் பாஸ்தா விற்கிற விலைக்கு எங்களுக்குக் கட்டாது. கோதுமை மாவும் முட்டையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று மகள் கைபேசியில் காட்டினாள். புளியங்கூடல் வீட்டுக் குசினியில் காலை முழுக்கக் குழைக்கிறேன். மா சேரவே இல்லை. உருட்டினால் வெடிக்கிறது, தட்டினால் உதிர்கிறது. இருந்த முட்டையெல்லாம் அதற்குள்ளே போய்விட்டது. எரிச்சலில் கையை முகர்ந்தேன். ஈரத்துணி வாசம்.

அது எனக்குத் தெரிந்த வாசம். சின்ன வயதில், மா வாங்கி வந்த அன்றைக்கே அம்மா அதைத் துணியில் கட்டி அவித்துவிடுவா. பச்சை மா புழுத்துவிடும் என்று அவவுக்குப் பயம். ஆவி பறக்க உடைத்து, அரித்து, புட்டுக்கென்று பேணியில் போட்டு வைப்பா.

தெற்கில் கடை வைத்திருந்த அப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது, பக்கத்துப் பேக்கரியில் பார்த்துப் பழகினதாகச் சொல்லி, எங்களுக்குப் பணிஸ் சுட அந்தப் பேணியைத் திறந்தார். வேர்த்து வழிய அடித்துக் குழைத்தும் மா இழுபடவில்லை.

"என்ன கோதாரி மா இது?" என்று கத்தினார்.

"அவிச்ச மா. புட்டுக்குத்தான் சரி, பணிசுக்குச் சேராது" என்றா அம்மா, தேங்காய்த் திருவலையில் இருந்தபடி.

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவவின் தட்டில் தேங்காய்ப்பூ ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறா. நேற்று நான் வாங்கி வைத்த மாவை என்ன செய்தனீங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பின்விறாந்தையில் திருவலைச் சத்தம் கேட்டது.