நான் எழுதி வாங்கிய வளைவு

எங்கள் ஊர் மருந்தகத்தின் வாசலில் இருக்கும் வளைவுக்குப் போன மாதம் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். மஞ்சளும் நீலமும். பக்கத்துக்கொரு தாமரை, நடுவில் ஒரு குத்துவிளக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதன் கீழ் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மருந்தகம் இன்றைக்கும் புதனும் சனியும் மட்டும், காலை எட்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டு மணிக்குப் பூட்டுகிறது. அந்த வளைவை ஊருக்குக் கேட்டு வாங்கியது நான்தான் என்று இப்போதும் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டபோது எனக்குப் பத்து வயது.

எங்களுடையது கடற்கரை ஊர். இரவில் போகும் படகுகள் காலை ஆறு, ஏழு மணிக்குத்தான் கரைக்கு வரும். வந்ததும் வலையிலிருந்து மீன் கழற்ற வேண்டும். அது பெரும்பாலும் பெண்களின் வேலை. பதினொரு மணி வரை நிமிர முடியாது. அம்மாவும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து கழற்றுவார்கள். மாமி அப்பாவின் அக்கா. கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவருக்குப் பிறஷர் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை மருந்தகத்தில் கிளினிக் கொப்பியைக் காட்டிக் குளிசை எடுக்க வேண்டும். மீன் கழற்றி முடித்துக் கை கழுவி ஓடிப்போனால், "நம்பர் துண்டு குடுத்து முடிஞ்சுது, சனிக்கிழமை வாங்கோ" என்பார்கள். சனிக்கிழமையும் படகுகள் அதே நேரத்துக்குத்தான் வரும். ஒரு நாள் வேலையை விட்டுப் போனால், மறுநாள் அந்த இடத்தில் வேறு யாராவது குந்தியிருப்பார்கள். ஆகவே ஒரு மாதக் குளிசையை மாமி இரண்டு மாதத்துக்கு இழுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கினார்.

அந்த நேரத்தில்தான் கிராமத்துச் சுகாதார சேவையை மேம்படுத்தப் போவதாகவும், மக்களின் கருத்தைக் கேட்டுத்தான் திட்டமே போடப் போவதாகவும் அறிவித்தார்கள். வீட்டுக்கொரு கடுதாசி வந்தது. 'உங்கள் மருந்தகத்துக்கு மிக அவசியமானது எது?' என்று மேலே அச்சடித்து, கீழே பத்துக் கோடுகள் போட்டிருந்தார்கள். அம்மாவின் விரல்கள் மீன் முள்ளுக் குத்தி வீங்கியிருந்தன. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாமியும் வந்து பக்கத்தில் இருந்தார்.

"காலமையிலை எங்களாலை வரேலாது, போட் வாற நேரமெண்டு எழுது பிள்ளை" என்றார் அம்மா. "கிழமையிலை ஒரு நாள் பின்னேரம் திறந்தாக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"குளிசை எண்டதையும் போடு" என்றார் மாமி. "அது இல்லாட்டித் தலை சுத்துது."

இருவரும் சமைக்கப் போனதும் நான் யோசித்தேன். இதையா எழுதுவது? வலயமட்டக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்தவள் நான். மீன், போட், குளிசை என்றெல்லாம் எழுதிப் பெரியவர்களுக்குக் கொடுத்தால் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எனக்கு வெட்கமாக இருந்தது. 'எமது கிராமத்தின் கண்ணெனத் திகழும் மருந்தகத்திற்கு எழில்மிகு நுழைவாயில் ஒன்று அமையுமாயின், அதனைக் காணும் நோயாளர் உள்ளம் பூரிக்கும். நோயும் பாதி நீங்கும்' என்று தொடங்கினேன். எட்டுக் கோடுகள் நிறைந்துவிட்டன. மிஞ்சிய இரண்டில் பின்னேரக் கிளினிக்கை எழுதியிருக்கலாம். நான் 'நன்றி, வணக்கம்' எழுதி, அதைச் சுற்றிப் பூக்கொடி கீறினேன்.

கடுதாசிகளை வாசிக்கும் கூட்டம் இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. காலையில் மருந்தகத்துக்கு வர முடியாதவர்களின் குறையைக் கேட்பதற்கு அந்த நேரத்தைத் தேடிப் பிடித்திருந்தார்கள்! அம்மாவின் வலையையும் சேர்த்துத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மாமி கரையில் நின்றுவிட்டார். அம்மா மட்டும் கை கழுவிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். நான் வகுப்புப் பிள்ளைகளோடு முன்னால் இருந்தேன். விளக்கேற்றல், பொன்னாடை, வரவேற்புரை என்று ஒரு மணித்தியாலம் போனது.

மேடை நடுவில் இருந்த அதிகாரி கடுதாசிகளைப் புரட்டத் தொடங்கினார். ஒன்றைப் பார்த்து வாயைச் சுழித்தார். இன்னொன்றைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். என்னுடையது வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று, ஒலிவாங்கியில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மண்டபமே கை தட்டியது. டீச்சர் என்னை எழுப்பி விட்டார்.

"பிள்ளையின்ரை அம்மா வந்திருக்கிறாவோ? எழும்புங்கோ பாப்பம். இதுதான் உங்கடை வீட்டு யோசினையோ?" என்றார் அதிகாரி.

அம்மா எழுந்தார். முதலில் அதிகாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும்.

"ஓம்" என்றார் அம்மா. பிறகு அவசரமாக, "அதோடை சேர், பின்னேரத்திலை ஒருக்காக் கிளினிக்..." என்று தொடங்கினார்.

"அதெல்லாம் மேலிடத்து விசயம் அம்மா. இப்ப இருங்கோ."

அம்மா இருந்துவிட்டார். அதிகாரி மேசைக்கடியிலிருந்து ஒரு நீளச் சுருளை எடுத்து விரித்துப் பிடித்தார். மஞ்சளும் நீலமுமாக ஒரு வளைவு. தாமரை, குத்துவிளக்கு எல்லாம் அதில் இருந்தன. மறுபடி கை தட்டினார்கள். மற்றக் கடுதாசிகளை ஒரு கோப்புக்குள் திணித்துக் கட்டினார்கள்.

ஆறு மாதத்தில் வளைவு எழும்பியது. 'மக்களின் வேண்டுகோளுக்கு இணங்க' என்று கல்லில் வெட்டிப் பதித்தார்கள். அதற்கடுத்த மாரியில் ஒரு சனிக்கிழமை, வலைக்கு நடுவே மாமி சரிந்து விழுந்தார். குளிசை முடிந்து மூன்று கிழமையாகியிருந்தது. வலது கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சு வாய்க்குள்ளேயே குழம்பியது. அன்றிலிருந்து அவர் வலையைத் தொடவில்லை. இரண்டு மச்சான்மாரும் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனார்கள்.

நெடுநாள் எனக்கு என் மேல்தான் கோபம். அந்தக் கையெழுத்தை, பூக்கொடியை, வாயெல்லாம் பல்லாக நின்ற என்னை நினைத்து நினைத்து வெந்தேன். அம்மா ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. அது இன்னும் சுட்டது. வளர்ந்து, நானும் கூட்டங்களுக்குப் போய் அந்தக் கடைசி வரிசைக் கதிரைகளில் இருந்து பார்த்த பிறகுதான் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போனது. இனி அது ஆறாது, ஆறவும் விடமாட்டேன். பத்து வயதுப் பிள்ளையின் வெட்கத்தை எடுத்து ஊரின் வேண்டுகோளாக்கிக் கல்லில் வெட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, இரண்டு பேரின் வேலையைச் செய்து களைத்த மாமி குசினி வாசலில் காலை நீட்டி இருந்தார்.

"மச்சாள், எங்கடை கடுதாசியை வாசிச்சவையே?"

"ஓம் மச்சாள்" என்றார் அம்மா. "எங்கடையைத்தான் வாசிச்சவை. எல்லாரும் கை தட்டினவை."

"அப்ப பின்னேரம் திறப்பினம்" என்று மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கோ வேறு ஒரு வியப்பு. "அம்மா, நான் எழுதி ரெண்டு நாள்தானே? அதுக்குள்ளை எப்பிடி அவ்வளவு வடிவாக் கீறி, வர்ணமும் அடிச்சவை?"

அம்மா சோற்றுப் பானையைத் திறந்த கையோடு என்னை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் அவர்களுடைய கெட்டித்தனம் வியப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.