அந்திமந்தாரைக்கு வந்த குஞ்சு

பண்ருட்டியில் மாமா வீட்டுத் துணிக்கொடியில் அந்த வருஷம் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. அம்மா இரண்டாவது பிரசவத்துக்காகத் தன் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நேரம். மூன்றாம் வகுப்பு லீவில் நானும் கூட வந்திருந்தேன். சிட்டும் தன்னைப் போலவே பிறந்த வீடு தேடிப் பிரசவத்துக்கு வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாலும் சொன்னாள், அத்தை அந்தக் கொடியில் துணி காயப்போடுவதையே விட்டுவிட்டாள். கூட்டுக்கு ஒன்று என்றால் அம்மாவுக்கும் ஆகாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அந்தக் கொடிக்குக் கீழே குனிந்தே போனோம்.

திடீரென்று அம்மாவுக்கு முடியாமல் போய், சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவும் அத்தையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் நானும் மாமாவும், மாமா வைத்த ரசமும்தான். அம்மா போனில் முதலில் கேட்பது, குஞ்சுகள் நன்றாக இருக்கின்றனவா என்பதைத்தான்.

ஒருநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சுகள் பறந்துவிட்டன என்றார் மாமா. இறகே முளைக்காதது எப்படிப் பறக்கும் என்று நான் விடவில்லை. பாப்பா வந்ததும் காட்ட வேண்டும் என்று ஆசை ஆசையாய்ப் பார்த்து வைத்திருந்த குஞ்சுகள் அவை. சாப்பிட மாட்டேன் என்று அழுது அடம்பிடித்தேன்.

சாயங்காலம் வாசலில் நின்று போன் பேசிவிட்டு வந்த மாமா, என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அந்திமந்தாரைப் பூவின் முன்னால் ஏதோ ஒன்று அந்தரத்தில் நின்று தேன் குடித்துக்கொண்டிருந்தது.

"பாரு குட்டி, நம்ம குஞ்சுதான். நல்லாத்தான் இருக்கு."

உற்றுப் பார்த்தேன். தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்து குடிக்கும். இது உட்காரவே இல்லை. பொழுது சாய்ந்தால் சிட்டைப் பார்க்கவே முடியாது. அதற்கு வளைந்த மூக்கு. இதுவோ நூல் மாதிரி எதையோ நீட்டியது, சுருட்டியது. தலையில் இரண்டு கொம்பு வேறு. பெரிய மனுஷர் இப்படிப் புளுகலாமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது பூச்சி மாமா. குஞ்சுங்கல்லாம் செத்துப்போச்சு."

"ஆமா குட்டி," என்றார் மாமா. "செத்துப்போச்சு."

சொன்னவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார்.

தம்பி பிறந்த செய்தியும் இறந்த செய்தியும் அந்த ஒரே போனில் வந்திருந்தன. அது எனக்குத் தெரியாது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கத்தில்தான் மாமா அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்ல மாமா, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவரைத் தேற்றினேன்.