சென்னியம்மாள் சிங்கம் பார்க்கப் போன கதை

சென்னியம்மாளிடம் யாரும் ஒரு பொருளைச் சும்மா கொடுத்துவிட முடியாது. பக்கத்துத் தோட்டத்து ஜானகியம்மாள் நாலு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தால்கூட, வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இவளுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்று அன்று முழுக்க யோசிப்பாள். தீவன மூட்டை வந்து இறங்கினால் மேலே இருக்கும் மூட்டையைத் தொடமாட்டாள். அடியில் கிடப்பதை இழுத்துப் பிரித்து ஒரு பிடி மக்காச்சோளத்தை வாயில் போட்டு மென்று பார்த்த பிறகுதான் லாரிக்காரன் கிளம்ப முடியும். நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் இடையில் அவள் வைத்திருந்த முட்டைக்கோழிப் பண்ணை நஷ்டப்படாமல் ஓடியதற்கு அந்தச் சந்தேகம்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்காமல் போனதற்கும் அதுவே காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்கிறவனுக்கு என்ன லாபம் என்று மட்டும் பார்த்தாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கென்யாவிலிருந்து மகன் போன் செய்தான்.

"அம்மா, டிக்கெட் போட்டுட்டனுங்க. பத்து நாள் வந்துட்டுப் போங்க. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் காட்டறேன்."

போனை வைத்ததும் கணவர் மருதாசலத்தைப் பார்த்தாள். போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர் கட்டிலும் கைத்தடியுமாக இருந்தார்.

"பெத்த பையன் ஆசையாக் கூப்பிடறான். போயிட்டு வா புள்ள," என்றார் அவர்.

"ஏனுங்க, ஆறு வருசமாக் காட்டாத சிங்கத்தை இப்ப எதுக்குங்க காட்டறான்?"

நியாயமான கேள்விதான். மகன் கதிர்வேல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களோடு போர் போடக் கப்பலேறியவன். இரண்டு வருஷத்தில் வந்து பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்ன இரண்டு வருஷம் ரப்பரைப் போல இழுத்துக்கொண்டே போனது. பெண் பார்த்துச் சொன்னால் ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்தான். இப்போது மருதாசலத்தால் நடக்க முடியவில்லை. ஒற்றைப் பொம்பளையாக அவளால் எத்தனை நாளைக்குக் கோழியோடு மல்லுக்கட்ட முடியும்? இந்தத் தடவை மகனைக் கையோடு அழைத்து வர வேண்டும். அவன் வராவிட்டால் பண்ணையை விற்றுத் தொலைக்க வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு, அங்கே ரிக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சிவக்குமார், மாரியம்மன் நோன்புத் திருவிழாவில் வாயை விட்டிருந்தான். "உங்க பையனுக்கு அங்க ஒரு பொம்பளகூட நல்ல பழக்கமுங்க அத்தை. எங்க போனாலும் ரெண்டு பேருந்தான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் நாக்கைக் கடித்ததுதான் சென்னியம்மாளுக்கு உறுதியான சாட்சி.

ஆக, சிங்கம் ஒரு சாக்கு. மருமகளைக் காட்டப்போகிறான். இந்த முடிவோடு, கோழிகளைப் பத்து நாளைக்கு வேலையாட்களிடம் அரைமனதாக ஒப்படைத்துவிட்டு, ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பெரிய பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, சென்னியம்மாள் விமானம் ஏறினாள்.

நைரோபியில் இறங்கியதும் அவள் சந்தேகம் நேரிலேயே வந்து நின்றது. கதிர்வேலுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட, நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவள் முன்னால் வந்து, "வாங்கம்மா, சாப்டீங்ளா?" என்றாள். அதுவும் அச்சு அசலாக நம் ஊர்ப் பேச்சு. சென்னியம்மாளின் கையிலிருந்த பை நழுவியது.

"இவங்க பேரு வான்ஜிருங்கம்மா. டூரிஸ்ட் வண்டி ஓட்டறாங்க. நம்மளையும் இவங்கதான் கூட்டிட்டுப் போறாங்க," என்றான் கதிர்வேல்.

"வண்டி ஓட்டறவளுக்குத் தமிழ் எதுக்குடா?"

"ரிக்கு பசங்ககிட்டப் பேசிப் பேசிப் பழகிட்டாங்கம்மா."

ரிக் பசங்களிடமா, உன்னிடமா என்று கேட்க வாய் வரை வந்தது. அவசரப்பட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் நகுரு ஏரிக் காட்டுக்குப் போனார்கள். மேல்கூரையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்று பார்க்கிற மாதிரி வண்டி. முன்னால் அந்தப் பெண்ணும் கதிர்வேலும் உட்கார, சென்னியம்மாள் நடு இருக்கையில் இருவர் முகமும் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் பணம் கட்டி வந்து காட்டைப் பார்க்கிறார்கள். இவள் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். ஆப்பிரிக்காவின் மிருகங்களுக்கு அவள் ஒதுக்கியது அரைக் கண்தான்.

அந்த அரைக் கண்ணும் எதையும் லேசில் நம்பவில்லை. வரிக்குதிரைக் கூட்டம் சாலையைக் கடந்தபோது, "கழுதைக்குப் பெயிண்ட் அடிச்சு உட்டிருக்கறாங்க," என்றாள்.

"இத்தனை கழுதைக்கு ஆரும்மா பெயிண்ட் அடிக்கறது?"

"ஏமாளிக வாரபோது அடிக்காம என்ன பண்ணுவாங்க?"

காட்டெருமைகள் முறைத்தபடி நின்றன. கறக்கவும் ஆகாது, உழவும் ஆகாது, இதைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று நினைத்தாள். காண்டாமிருகத்தின் முதுகில் சின்னச் சின்னக் குருவிகள் உட்கார்ந்து உண்ணி பொறுக்கின. காரியம் இல்லாமல் எந்தக் குருவியும் யார் முதுகிலும் உட்காராது என்று மகனின் பிடரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. ஒட்டகச்சிவிங்கியை மட்டும் அவளுக்குப் பிடித்துப்போனது. அது மரத்துக்குப் பின்னால் நின்றாலும் தலை வெளியே தெரிந்தது. எதையும் ஒளித்து வைக்க வகையில்லாத ஜீவன்.

குன்றின்மேல் சாப்பிட நிறுத்தியபோது பெரிய குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு முறுக்குப் பொட்டலத்தை அள்ளிக்கொண்டு ஓடியது. வான்ஜிரு கல்லை எடுத்துக்கொண்டு, தமிழில் ரிக் வண்டிக்காரர்கள் மட்டுமே பேசும் ஒரு வார்த்தையைக் கத்தியபடி அதைத் துரத்தினாள். சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு மறுபடி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

சிங்கம் ஒரு வேலமரத்தடியில் கிடந்தது. நாலைந்து வண்டிகள் சுற்றி நின்றும் அசையவில்லை.

"மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சிருக்கறாங்க," என்றாள்.

சொன்ன வாய் மூடவில்லை, அது தலையைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தது. மஞ்சள் கண். அதில் கோபமும் இல்லை, பசியும் இல்லை. இவள் யார், என்ன காரியமாக வந்திருக்கிறாள் என்று அளந்து பார்க்கிற பார்வை. தன்னைவிடப் பெரிய சந்தேகக்காரியை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். கதிர்வேல் சட்டென்று பின்னால் தாவி வந்து அம்மாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான்.

சிங்கம் மறுபடி படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆபத்து வந்த நேரத்தில் பையன் தன்னிடம்தான் ஓடி வந்தான். அந்தப் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவளை அப்படி விட்டுவிடுவானா? அப்படியென்றால் பொம்பளை விவகாரம் இல்லையா? பிறகு ஏன் இவன் அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறான்? போனை வைத்ததும் அந்தப் பெண் ஏன் கண்ணாலேயே என்ன என்று கேட்கிறாள்? அவன் ஏன் தலையாட்டுகிறான்? சந்தேகம் தீரவில்லை. இடம் மாறித் திரும்பவும் உட்கார்ந்துகொண்டது.

மத்தியானத்துக்குமேல் ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கே இறங்கி நடக்கலாம். கரை நெடுகிலும் பூநாரைகள் நின்றன. தண்ணீரே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அவற்றுக்கிடையே கழுத்தில் பை தொங்கும் மொட்டைத்தலைக் கிழட்டு நாரைகள். பார்த்தவர்கள் எல்லோரும் ஆகா ஊகூ என்று கூவினார்கள். சென்னியம்மாளுக்கோ உடம்பு கூசியது. இத்தனை பறவை ஒரே இடத்தில் நின்றால், ஒன்றுக்குச் சீக்கு வந்தால் அத்தனைக்கும் வந்துவிடுமே. இறங்கியே இருக்கமாட்டாள். ஆனால் மகனும் வான்ஜிருவும் தள்ளிப்போய் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். ஒட்டுக்கேட்பதற்காகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறவை எச்சமும் சேறுமாகக் கிடந்த கரையில் நடந்து போனாள். கிட்டே போனதும் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வண்டிக்குத் திரும்பினார்கள். மற்ற வண்டிக்காரர்கள் காலைப் புல்லில் தேய்த்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். வான்ஜிரு மட்டும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இழுத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் கத்திரிப்பூ நிறமானது. கதிர்வேல் போனைப் பார்த்தபடியே அந்தத் தொட்டிக்குள் செருப்போடு ஒரு காலை வைத்தான், எடுத்தான், அடுத்த காலை வைத்தான். குனிந்துகூடப் பார்க்கவில்லை. வான்ஜிரு கையில் ஸ்பிரேயரோடு வண்டியின் நாலு டயருக்கும் மருந்து அடித்தாள்.

சென்னியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

நாமக்கல் பக்கம் கோழி வைத்திருக்கிற எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ணை வாசலில் மருந்துத் தொட்டியில் கால் நனைக்காமல் யாரும் ஷெட்டுக்குள் போக முடியாது. பறவை உள்ள இன்னோர் இடத்துக்குப் போய்வந்த ஆளை, மூன்று நாளைக்கு அந்தப் பக்கமே விடமாட்டார்கள். சென்னியம்மாளோ ஒரு படி மேல். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், தன் பண்ணையில் கோழி சாவதை மறைத்துவிட்டு ஒரு நாள் வந்து டீ குடித்து, தங்கச்சி ஷெட்டைப் பார்க்கிறேன் என்று உள்ளே நடந்து போனார். அந்த வாரமே கூண்டு கூண்டாகக் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டன. குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தபோது அவள் அழவில்லை. அன்றைக்கு நம்பிக்கையையும் சேர்த்துப் புதைத்தாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள்.

இப்போது மகனின் காலைப் பார்த்தாள்.

"கதிரு, கோழி எங்கடா இருக்குது?"

"என்னங்கம்மா?"

"சிங்கம் பாக்கறவன் டயருக்கு மருந்தடிக்க மாட்டான். கோழி எங்க?"

ஆப்பிரிக்காவில் சிங்கத்தைக் கண்டு நடுங்காதவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நடுங்கினான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். இங்கிருந்து ஒரு மணிநேரத் தூரத்தில் வான்ஜிருவுக்கும் அவள் புருஷனுக்கும் கொஞ்சம் விளைநிலம் இருந்தது. அதில் போர் போடப் போனவன் கதிர்வேல். தண்ணீர் வந்தது, பழக்கம் வந்தது, மூன்று பேரும் கூட்டாகச் சேர்ந்து இரண்டு ஷெட் போட்டார்கள். கூண்டுகள் நாமக்கல்லிலிருந்துதான் கண்டெய்னரில் வந்தன. ரிக் வேலையை விட்டே ரொம்ப நாள் ஆகிறது.

"கோழின்னு சொன்னா வரமாட்டீங்கன்னுதான் சிங்கம்னு சொன்னனுங்க," என்று முடித்தான்.

"அப்ப ஊருக்கு வரமாட்டே."

அவன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வண்டியில் ஏறினான். வான்ஜிரு பண்ணையைப் பார்த்து வண்டியைக் கிளப்பினாள்.

சென்னியம்மாளுக்கு எரிந்தது. பொம்பளை விவகாரமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், இரண்டு பேரையும் ஊருக்கு வாங்கடா என்று காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கோழியை என்ன செய்வது? விடிந்தால் தீவனம் கேட்கும், தண்ணீர் கேட்கும். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் முட்டையிடும். அவள் தன் தம்பி மகள் கல்யாணத்தில்கூட ஒரு ராத்திரி தங்கியதில்லை. வண்டியில் போகிற வழியெல்லாம் மகனைத் திட்டினாள். பெற்ற தாய்க்கே துரோகம் பண்ணியவன் என்றாள். உங்கப்பன் இடுப்பொடிந்து கிடக்கிறதை மறந்தவன் என்றாள். அவன் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

வண்டி ஒரு கம்பிக் கேட்டுக்கு முன்னால் நின்றது. உள்ளே இரண்டு நீள ஷெட்டுகள். கேட்டருகே வான்ஜிருவின் புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் கையில் பூமாலையோடு நின்றார்கள். ஷெட்டுக்குள்ளிருந்து கோழிகளின் கொக்கரிப்பு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் திட்டு நின்றது. நல்ல தெம்பான சத்தம். சீக்கு இல்லாத சத்தம்.

கதிர்வேல் கேட்டைத் திறந்தான். "உள்ள வாங்கம்மா. நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

சென்னியம்மாள் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"கோவமாங்கம்மா?" என்றான் அவன்.

"கோவந்தான். அது சாவற முட்டும் இருக்கும்," என்றாள். பிறகு அதட்டினாள். "கேட்டைச் சாத்துடா, அறிவு கெட்டவனே! ஊர்ப்பட்ட பறவைக்கு நடுவுல நின்னுட்டு, அதுக பீயை மிதிச்சுட்டு வந்திருக்கறேன். சேலையெல்லாம் சேறு. காலை மட்டும் நனைச்சாப் போதுமா? என்னை ஷெட்டுக்குள்ள கூப்பிடறயே, நீயெல்லாம் என்னடா பண்ணை பாக்கறே? நீயும் உள்ள போகாத. இந்தச் செருப்பைக் கொளுத்து. மூணு நாள் போகட்டும், தலைக்குக் குளிச்சுட்டு வாரேன். வந்து பாக்கறேன்."

கதிர்வேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். அவள் அவனைப் பார்க்காமல் போனை எடுத்து ஊருக்குப் பேசினாள்.

"என்ன புள்ள, சிங்கத்தைப் பாத்தாச்சா?" மருதாசலம் ஆவலாகக் கேட்டார். "பையன் உங்கூடக் கெளம்பி வாரானா?"

"அவன் எப்படிங்க வருவான்?" என்றாள் சென்னியம்மாள். "கோழி வெச்சிருக்கறானுங்க."