கதவடியில் ஓர் ஆப்பு

பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுக்கெல்லாம் காலும் முதுகும் கொடுப்பவள் என்பதால் பிள்ளைகள் அவளைப் பெஞ்சக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினேழு வருஷம் மரச்சாமான் தொழிற்சாலையில் ஆண்களுக்கு நடுவே இழைப்புளி பிடித்தவள். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். செய்த வேலையை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"எந்நேரமும் ஃபோனையே பாத்துட்டு இருக்குதுங்க. சனிக்கிழமைல ஏதாவது மரவேலை சொல்லிக் குடேன்" என்று தலைமை ஆசிரியை கேட்டபோது பெஞ்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாளே நாற்காலி செய் என்றால் மறுவாரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் முடித்து, கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகிற பொருளாக இருக்க வேண்டும். ஆகவே கதவடியில் செருகும் ஆப்பு. சாய்வாக ஒரே அறுப்பு, உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, வேலை முடிந்தது.

"யாருக்குக்கா ஆப்பு?" என்று ஒருவன் கேட்க, அறையே சிரித்தது.

"உனக்குத்தான்டா. எல்லாரும் கேளுங்க, உடஞ்சா தூக்கிப் போடாதீங்க. இங்க கொண்டு வாங்க. எங்க உடஞ்சதுன்னு பாத்தாதான் அடுத்தது நல்லா வரும்."

மறுவாரம் மற்றவர்கள் பேனாப் பெட்டிக்குத் தாவிவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும், பத்து வயசு இருக்கும், பழைய ஆப்போடு வந்து நின்றாள்.

"வழுக்குதுக்கா."

பெஞ்சக்கா பூரித்துப் போனாள். ஆர்வம் என்றால் இதுவல்லவா! சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் ஆப்பின் மெல்லிய முனை நசுங்கிப் பிசிராகி வந்தது.

"காத்துக்கு இப்படி நசுங்காதே?"

"எங்க வீட்ல காத்து ஜாஸ்திக்கா."

பெஞ்சக்கா சிரித்தாள். மரத்தில் ஒரு கீறலைப் பார்த்தே அது எந்த உளி என்று சொல்லுகிறவள், அன்றைக்குச் சிரித்தாள். பழைய மேஜையின் தேக்குக் காலை எடுத்து, சாய்வை நீளமாக்கி, புது ஆப்பைச் சிறுமியோடு உட்கார்ந்து அறுத்தாள். எல்லோரும் போன பிறகும் அரை மணி நேரம் வேலை நடந்தது. "பாலிஷ் வேணாம்க்கா, நின்னா போதும்" என்றாள் சிறுமி.

அழைத்துப்போக அவளுடைய மாமா ஸ்கூட்டரில் வந்திருந்தார். சிறுமியின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு டூட்டி. அம்மாவின் தம்பியான இவர் சில மாதங்களாக அவர்களோடுதான் இருக்கிறார். மரியாதையான மனிதர், பையைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார். பெஞ்சக்காவுக்கு வாய் நிற்குமா?

"உங்க பொண்ணு கெட்டிக்காரிங்க. இந்த ஆப்பை வெச்சா யானை முட்டினாலும் கதவு அசையாது."

"அப்படியா? அவசரத்துக்கு வெளியிலேர்ந்து தெறக்கவே முடியாதா?"

"ஏன் முடியாது? அடியில ஒரு தகட்டை விட்டு நேரா ஒரு தட்டு தட்டினா கழண்டுடும். தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும் அது."

"நல்ல விஷயம் சொன்னீங்க" என்றார் அவர். ஸ்கூட்டரின் பின்னால் சிறுமி கண் கொட்டாமல் பெஞ்சக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சக்கா கையசைத்து டாட்டா காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை சிறுமி ஆப்பை மேஜைமேல் வைத்தாள். நசுங்கல் இல்லை, பிசிர் இல்லை. மெல்லிய முனையில் மட்டும் நேர்க்கோடாக ஒரு வெட்டு, ஒரு ஸ்கேல் அகலத்துக்கு. பெஞ்சக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகடு. அந்த வழியை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். போன வாரங்களின் வழுக்கலும் நசுங்கலும் அப்போதுதான் புரிந்தது. அது காற்றில்லை, தோள் கொடுத்துத் தள்ளியது.

சிறுமியைச் சன்னலோரம் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டாள். "அம்மா டூட்டிக்குப் போனப்புறம் இதை உள்பக்கமா வெச்சுக்கிறியா?"

தலை ஆடியது.

"யாரு தள்ளுறாங்க?"

"மாமா."

"அம்மாகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். கனவு கண்டிருப்பேன்னாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை. பெஞ்சக்காவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. சிறுமியின் முகத்தில் கோபம்கூட இல்லை.

"உங்க பெஞ்சக்காவே சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு மாமா சிரிச்சாரு. வேற ஏதாவது செய்யச் சொல்லித் தாங்கக்கா. நீங்க யார்கிட்டயும் சொல்லாத மாதிரி."

பெஞ்சக்கா மற்ற பிள்ளைகளை நூலக அறைக்கு அனுப்பினாள். தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டு, தன் வாயிலிருந்து போனதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "குழந்தைகள் நலத்துறை ஆளுங்களோட வரேன். அவளோட அம்மாவையும் நானே கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் யார் வந்தாலும் பொண்ணை விடாதே" என்றார் ஆசிரியை.

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. வழக்கத்தைவிட அவர் முன்னதாகவே வந்துவிட்டார். செருப்புச் சத்தம் வராந்தாவில் ஏறியது. பெஞ்சக்கா ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பெரிய இரும்புத் தாழ்ப்பாள்.

"வேலை இன்னும் முடியலைங்களா?" என்றது வெளியே அந்த மரியாதையான குரல்.

"பயப்படாதேம்மா. இதை யாராலும் தெறக்க முடியாது" என்றாள் பெஞ்சக்கா.

சிறுமி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு போய்த் தரையில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள்.